மூன்றாவது ரவுண்டு

“ரெண்டுதான்ணே ஆச்சு! இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி!” என்று திலீப் வாக்கிடாக்கியில் கத்தி முடிப்பதற்குள் வண்டி ஓரங்கட்டி நின்றே விட்டது.

டக்ளஸ் இறங்கி நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். “மூணு ஆயிடுச்சுன்னு நெனச்சேன். போர்டு தெரியல.”

போர்டு எங்கே தெரியும்? சயனைடு மேட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில் ரவுண்டு எண் எழுதிய போர்டும், அதைத் தூக்கிப் பிடித்திருந்த திலீப்பும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சம் கொட்டிய மண் மட்டும் இன்னும் ஊரை விட்டபாடில்லை.

ஊரில் பாலகாட் சுரங்கத்தைத் தாண்டி யாரோ ஒரு புண்ணியவான் மனை விற்பதற்காக மூன்று கிலோமீட்டருக்கு வளைய ரோடு போட்டிருந்தார். ரோடு பிரமாதமாக அமைந்துவிட்டது. மனைதான் ஒன்றுகூட விற்கவில்லை. விலையுயர்ந்த கார் விற்கும் திலீப்பின் கம்பெனி, வண்டியை ஓட்டிக்காட்ட அந்த ரோட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தது. “எங்க ஊர்லயே இடம் இருக்குது சார்” என்று பெங்களூர் ஆபீசில் வாயைத் திறந்தது திலீப்தான்.

வந்திருந்த வண்டி லேசுப்பட்டதல்ல. பின்னால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன்னால் இரண்டு மின்சார மோட்டார். எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் குதிரைச் சக்தி. நம்பர் பிளேட் மாட்டியிருப்பதால் ஆண்டர்சன்பேட்டைக்குக் கொத்தமல்லி வாங்கவும் அதில் தாராளமாகப் போய்வரலாம். ஆனால் இந்த ரக வண்டிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. முதல் ரவுண்டு சீறும், இரண்டாவதும் சீறும், அதற்குள் பேட்டரி சூடாகிவிடும். அறுபது டிகிரியைத் தொட்டால் கம்ப்யூட்டர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். அதற்கப்புறம் பெட்ரோல் எஞ்சின் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு இழுக்க வேண்டியதுதான்.

வாங்கப்போகிறவர் விவரமானவர். தொடர்ந்து மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் எழுபது செகண்டுக்குள் வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லி, அதை அளந்து பார்க்க மேகனா என்ற இன்ஜினியரையும் அனுப்பிவைத்திருந்தார்.

திலீப்புக்கோ வண்டியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இன்று பாஸானால் இந்த ரோட்டையே நிரந்தரமாக எடுத்து, அவனையே பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி விவேக் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷமாக விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்க் கடைசி ரயிலில் திரும்புகிறவன் அவன். நாலு வயது மகள் ரூபா போன வாரம் அம்மாவிடம், “ஞாயித்துக்கெழம அப்பா மத்த நாளெல்லாம் எங்கம்மா இருப்பாரு?” என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“கண்ணுக்குத் தெரியலன்னா காதுக்குச் சொல்லிடலாம்ணே” என்று திலீப் ஆண்டர்சன்பேட்டைக்கு போன் போட்டான்.

அரை மணியில் பர்னபாஸ் மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். முப்பது வருஷமாகச் சர்ச்சில் மணி அடிப்பவர். ஒரு தண்டவாளத் துண்டும் சுத்தியலும் கூடவே கொண்டுவந்திருந்தார். துண்டைப் புங்க மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். எத்தனையாவது ரவுண்டு தொடங்குகிறதோ அத்தனை அடி. வாக்கிடாக்கியைப் பக்கத்தில் பிடித்தால் டக்ளஸின் காதுக்குள்ளேயே கேட்கும்.

பர்னபாஸ் மாமா ஒரு அடி அடித்துக் காட்டினார்.

“கேக்குதாண்ணே?”

“நல்லா கேக்குது” என்றார் டக்ளஸ். காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

மேகனா திலீப்பைத் தனியாகக் கூப்பிட்டாள். “இவரு பேசவே மாட்டேங்கறாரே, நம்பலாமா?”

“தங்கமான மனுஷன் மேடம். சுரங்கத்துல கேஜ் ஓட்டுனவரு, லிப்ட் மாதிரி எறங்கி ஏறுற கூண்டு. ஆளுங்கள கீழ எறக்குறது, கல்ல மேல ஏத்துறது, எல்லாம் எஞ்சின் ரூம்ல உக்காந்துக்கினே செய்யணும். கேஜ் கண்ணுக்கே தெரியாது. அஞ்சு வருஷத்துல ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு கெடையாது. மைன்ஸ் மூடுனப்புறம்தான் காரு ஓட்டப் போனாரு.”

ஒரு பெல் அடித்தது. வண்டி பறந்தது. முதல் ரவுண்டு அறுபத்தாறு செகண்டு. இரண்டு பெல், அறுபத்தேழு. மூன்று பெல், திலீப் நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றான். வண்டி வந்தது. எண்பத்து நாலு.

“இன்னாண்ணே ஆச்சு மூணாவதுல?”

“மெதுவா வந்தேன்” என்றார் டக்ளஸ்.

“வண்டி இழுக்கலியா?”

“வண்டிய ஒண்ணும் சொல்லக்கூடாது. நல்ல வண்டி.”

டக்ளஸ் யாரையும் குறை சொல்லாதவர், இயந்திரத்தைக்கூட. திலீப் அவரை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பேட்டரி ஐம்பத்தெட்டு டிகிரி. அறுபதுக்கு இரண்டுதான் குறைவு! டிரைவரின் கால் எவ்வளவு அழுத்தியது என்ற விவரமெல்லாம் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ரூபேஷுக்கு மட்டும் திறக்கும் பக்கத்தில் இருக்கும். ரூபேஷ் அக்கா கல்யாணத்துக்கு ஹாசன் போயிருந்தான், பாஸ்வேர்டும் அவனோடு போயிருந்தது. திலீப்புக்குத் தெரிந்தது பேட்டரி. ஆகவே குற்றவாளியும் பேட்டரிதான்.

மார்க்கெட் மீன் கடையிலிருந்து இரண்டு பெட்டி ஐஸ் வந்தது. அதை வண்டியின் வயிற்றுப் பக்கமெல்லாம் அணைகட்டி வைத்தான். பேட்டரி நன்றாகவே குளிர்ந்தது, கொஞ்சம் அதிகமாகவே. சூட்டைப்போலக் குளிரும் பேட்டரிக்கு ஆகாது. அடுத்த ஓட்டத்தில் கம்ப்யூட்டர் முதல் ரவுண்டிலேயே மோட்டாரை அடக்கிவிட்டது. எழுபத்தாறு, அறுபத்தெட்டு, எண்பத்து மூணு. போதாததற்கு வண்டிக்குள் மத்தி வாசனை.

“முன்னாடி ஒரு ரவுண்டுதான் ஃபெயில். இப்ப ரெண்டு” என்றாள் மேகனா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

திலீப் விடவில்லை. பேட்டரிக்குக் காற்று போகும் வழியை மறைக்கிறது என்று முன் நம்பர் பிளேட்டைக் கழற்றினான். கனம் குறையட்டும் என்று பக்கத்து சீட்டையும் கழற்றினான். அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு, எண்பத்து ரெண்டு.

“நம்பர் பிளேட் எங்கே?”

“காத்து போறதுக்காக மேடம்…”

“ரோட்ல ஓடுற வண்டின்னுதானே விக்கறீங்க? பிளேட் இல்லாம, சீட் இல்லாம ஓட்டுனா இது கணக்குல வராது” என்றவள், குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள். ரப்பர் உருண்டு உருண்டு கையோடு வந்தது. “இந்த டயர் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும். அப்புறம் நான் கெளம்பணும் சார்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பாவம் பார்த்துச் சொன்னது திலீப்பை என்னவோ செய்தது. நாளைக்கும் அதே விடியற்காலை ரயில், அதே ஜன்னலோரத் தூக்கம்தான்.

நாலு மணி சுமாருக்கு மனைவி ராதிகா சாப்பாட்டுக் கூடையோடும் ரூபாவோடும் ஆட்டோவில் வந்தாள். வெயிலில் நிற்கும் அப்பாவை ரூபா ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமயாப்பா?”

திலீப் அவளைத் தூக்கிக்கொண்டான்.

ராதிகா விஷயத்தைக் கேட்டாள். “சூடுதானே? தண்ணிப் பானைக்கு ஈரச் சாக்கு சுத்துறோம்ல, அத மாதிரி போட்டு வையுங்க. ஐஸ வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? வெறைச்சுப் பூடும்.”

ஆயிரம் குதிரைச் சக்தியும் கோடிக்கணக்கில் விலையுமான வண்டியின்மேல் நாலு கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தினார்கள். மேகனா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். திலீப் நம்பர் பிளேட்டையும் சீட்டையும் திரும்ப மாட்டினான். அவனிடம் வேறு யோசனை எதுவும் மிச்சமில்லை.

பர்னபாஸ் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, சாயங்கால ஜெபத்துக்கு மொதல் மணி நான்தான் அடிக்கணும். வரட்டுமா?”

“போய்ட்டு வாங்க மாமா. காத்துதான் நின்னுபோச்சே, போர்டே போதும்.”

சாக்கை எடுத்தார்கள். டக்ளஸ் ஏறி உட்கார்ந்தார். ராதிகா போர்டைத் தூக்கிப் பிடித்தாள். திலீப் கண்ணை மூடிக்கொண்டான்.

“அறுபத்தாறு” என்றது மேகனாவின் குரல். கொஞ்ச நேரம் கழித்து, “அறுபத்தாறு.” அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் என்பது திலீப்புக்கு; கடிகாரத்துக்கு அறுபத்தஞ்சு செகண்டுதான்.

“அறுபத்தஞ்சு! சார், அறுபத்தஞ்சு! பாஸ்!”

திலீப் ரூபாவைத் தூக்கிப்போட்டுப் பிடித்தான். ராதிகா போர்டைக் கீழே போட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மேகனா கையெழுத்துப் போட்டாள். போனில் செய்தியைக் கேட்ட விவேக் கன்னடமும் தமிழுமாகக் குதித்தார்.

“ஈரச் சாக்கா? சூப்பர் கணோ திலீப்! நம்ம ஆளுங்க யாருக்கும் தோணலையே! இடத்துக்கு நாளைக்கே அக்ரிமெண்ட் போட்டுடறேன். நீ அங்கயே இரு. திங்கக்கெழம மட்டும் ஒரு தடவை ஆபீசுக்கு வந்து, வெளிநாட்டு இன்ஜினியருங்க முன்னாடி இந்தச் சாக்கு மெத்தட பத்தி ஒரு மணி நேரம் பேசணும், ஆய்த்தா?”

“பேசிடறேன் சார்” என்றான் திலீப், பூரிப்போடு. ராதிகா நனைந்த சாக்கைப் பெருமையோடு மடித்துக் கூடையில் வைத்தாள்.

டக்ளஸ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி புங்க மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பர்னபாஸ் எங்கப்பா?”

“அப்பவே கோயிலுக்குப் போய்ட்டாருண்ணே. ஏன்?”

“அதானே பார்த்தேன். மூணு பெல் வரவே இல்லியேன்னு.”

“பெல்லுக்கும் இதுக்கும் இன்னாண்ணே?”

டக்ளஸ் அவனை வியப்போடு பார்த்தார். “மூணு பெல் அடிச்சா கேஜ்ல ஆளுங்க ஏறிட்டாங்கன்னு அர்த்தம்பா, ஆளுங்கள வெச்சிக்கினு எப்படிப்பா வேகமா போறது?”