குனியாத நேர்த்திக்கடன்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் உடம்புக்குள் எலும்பு என்று ஒன்று இருப்பதே ஐம்பது வயது தாண்டும்வரை எனக்கு நினைவில் இருந்ததில்லை. பல் வலித்தால் பல் இருப்பது தெரியும், வயிறு வலித்தால் வயிறு தெரியும். எலும்பு மட்டும் எந்தச் சத்தமும் காட்டாமல் கிடந்தது. கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் எங்களுக்குப் பாத்திரக்கடை. அண்டாவும் பித்தளைக் குடமுமாகக் காலமெல்லாம் குனிந்து தூக்கி, நிமிர்ந்து இறக்கி வைத்தவள் நான். ஒரு நாள் மொட்டைமாடியில் வத்தல் காயப்போடப் போனபோது கால் லேசாக வழுக்கியது. கையை ஊன்றினேன். (விழக்கூட இல்லை. சத்தியமாகச் சாய்ந்ததோடு சரி.) மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கட்டுப் போட்ட டாக்டருக்கு, இவ்வளவு லேசாக ஊன்றியதற்கா முறிந்தது என்று சந்தேகம். ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது, எலும்புப்புரை என்று பெயர் என்றார் அங்கிருந்த டாக்டர். மாத்திரை எழுதினார். கூடவே உடற்பயிற்சியும் செய்ய வேண்டும் என்றார். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

"லேசா சாஞ்சதுக்கே ஒடியுத எலும்ப வச்சுக்கிட்டு நான் என்ன சார் எக்சசைஸ் செய்ய?" என்றேன்.

"செஞ்சாத்தாம்மா எலும்பு பலப்படும். தினமும் நடங்க, ஆனா விழுந்திரக் கூடாது. லேசா வெயிட் தூக்கலாம், ஆனா குனிஞ்சு தூக்கக் கூடாது. முதுக வளைக்கக் கூடாது, இடுப்பத் திருகக் கூடாது. அதுக்காகப் பயந்து படுத்திரவும் கூடாது."

செய் என்கிறாரா, செய்யாதே என்கிறாரா என்று பஸ்ஸில் கயத்தாறு தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பெண் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள். முதுகை முன்னால் வளைத்தால் மெலிந்த முள்ளெலும்பு நசுங்கிவிடுமாம். எனவே கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமானால் காலை அகட்டி, முதுகை நேரே வைத்து, கையால் எதையாவது பிடித்தபடி முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். அதேபோல ஏற வேண்டும். தரையில் வழுக்காமலிருக்க வீட்டுக்குள்ளும் ஷூ போட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (தலையையாவது குனியலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.)

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். என் கணவர், "இனி ஒண்ணும் செய்யாண்டாம், நீ சும்மா இரி" என்று என்னைச் சோபாவில் உட்காரவைத்தார். அவருடைய அக்கா, எங்கள் கயத்தாறு மதினி, "உக்காந்தா துருப்பிடிச்சிரும். தெனமும் குனிஞ்சு கால் விரலத் தொடு" என்று போனில் சொன்னாள். என் மகள் ரேவதி மட்டும் டாக்டர் கட்சி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, சாயங்காலம் என்னோடு எட்டயபுரம் ரோட்டில் நடப்பாள். சேலையும் வெள்ளை ஷூவுமாக நான் போவதைப் பார்த்த தெரிந்தவர்கள், "என்ன அண்ணாச்சி வீட்டம்மா, ஓட்டப்பந்தயமா?" என்று கேட்பார்கள்.

இந்த நேரத்தில்தான் ரேவதிக்கு ஒரு வரன் வந்தது. கழுகுமலைக் குடும்பம், பையனுக்கு மதுரையில் வேலை. அதுவரை வந்த போட்டோக்களை ஏதோ மின்சார ரசீது பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வைத்த என் மகள், இந்தப் போட்டோவைக் கையிலெடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். இது எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று அந்த நிமிடமே என் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

பெண் பார்க்க வருகிற அன்று காலையிலேயே கயத்தாறு மதினி வந்து இறங்கினாள். வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சட்டம் போட்டாள்.

"எலும்பு வெவகாரத்த ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தாய்க்கு உள்ளது மகளுக்கும் வரும்னு நெனைப்பாவ. ஏட்டி பாக்கியம், நீ இன்னைக்கு ஒரு நாள் மனுசி மாதிரி நட."

"குனியச் சொன்னா, மதினி?"

"குனி."

"டாக்டரு..."

"டாக்டரா வந்து ஒம் மகளக் கெட்டப் போறாரு?"

ரேவதி வேண்டாமென்றாள். "சொல்லிருவோம் அத்தை. பெறவு தெரிஞ்சா அசிங்கம்." அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஷூவைக் கழற்ற மட்டும் எனக்குப் பயம். துடைத்துப் பளபளவென்றிருந்த மொசைக் தரையைப் பார்த்தாலே மணிக்கட்டு வலித்தது. கடைசியில் மதினியே வழி கண்டுபிடித்தாள். பட்டுச்சேலையை இறக்கிக் கட்டி ஷூவை மறைத்துவிட்டாள். விழாமலிருக்க ஷூ, அந்த ஷூவை மறைக்க, தடுக்கி விழ வைக்கும் சேலை. இதில் எது என்னைக் காப்பாற்றுகிறது, எது என்னைக் கவிழ்க்கப்போகிறது என்று புரியாமல் பொம்மைபோல நின்றேன்.

பையன், அவனுடைய அம்மா, அப்பா மூன்று பேரும் காரில் வந்தார்கள். அப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். சஷ்டி, கார்த்திகை எதையும் விடமாட்டார் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார். கேசரி வந்தது, காப்பி வந்தது, ரேவதி வந்தாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் பையனைப் பார்த்தாள், எனக்கு அங்கேயே பாதி எலும்பு தேறிவிட்டது.

குங்குமம் கொடுக்க வேண்டியது என் பங்கு. பையனின் அம்மா பக்கத்தில் போய்ச் சிமிழை நீட்டினேன். சிமிழ் கைநழுவிக் கீழே விழுந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிமிழைப் பார்த்தேன். மதினி கண்ணாலேயே 'குனி' என்றாள். ரேவதி கண்ணாலேயே 'குனியாத' என்றாள். என் மூளை எந்தப் பக்கமும் சாயவில்லை. உடம்புதான் தானாகப் பழக்கத்துக்குப் போய்விட்டது. சோபாவின் கையைப் பிடித்தேன், காலை அகட்டினேன், நேர்ப்பார்வை பார்த்தபடி, பளு தூக்குகிறவள் மாதிரி மெதுவாக இறங்கினேன். சிமிழை எடுத்து "உஸ்ஸ்" என்று மூச்சு விட்டபடி ஏறினேன். ஏறும்போது சேலை மேலே போய், வெள்ளை ஷூ இரண்டும் சபைக்கு வந்துவிட்டன. அடுத்த அறையில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார். "அக்காவுக்கு ஒடம்புக்கு என்ன?"

"சுளுக்கு" என்றார் என் கணவர். அதே நேரத்தில் மதினி, "நேர்த்திக்கடன்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி விட்டுக்கொடுக்கிற ஆளா? "கழுகுமலை முருகனுக்கு நேந்திருக்கா. யாருக்கும் எதுக்கும் குனிய மாட்டா."

"எங்க ஊர்ல இப்படி ஒரு நேர்ச்சைய நான் கேள்விப்பட்டதில்லையே" என்றார் அந்த அம்மா. "செருப்போட வேற."

"செருப்பு சுளுக்குக்கு" என்றார் என் கணவர், எப்படியாவது தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ள.

பையனின் அப்பா மட்டும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "எதுவரைக்கும் நேந்திருக்கீங்க தங்கச்சி?"

நான் வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டாள். "மகளுக்கு நல்ல எடம் அமையுத வரைக்கும்."

"அப்ப அமைஞ்சாச்சுல்லா" என்று எழுந்துவிட்டார் அவர். "வாங்க. கார் நிக்கி. இப்பவே போயி சாமி முன்னால விழுந்து கும்பிட்டு முடிச்சிருவோம். நல்ல காரியத்தத் தள்ளிப்போடக் கூடாது."

மதினியின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அமையவில்லை என்றும் சொல்ல முடியாது, அமைந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரே காரில் எல்லோரும் அடைந்துகொண்டோம். இரண்டு பக்கமும் கரிசல்காடு உழுது போட்டுக் கிடந்தது. கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் முதுகை நேராக்கிக்கொண்டேன். விழுந்து கும்பிட்டால் முதுகு போகும். கும்பிடாவிட்டால் சம்பந்தம் போகும். உண்மையைச் சொன்னால் சம்பந்தத்தோடு மானமும் போகும். முருகனிடமாவது கேட்கலாமென்றால், பொய்யே அவர் பேரில்தான் சொல்லியிருக்கிறோம்.

கழுகுமலைக் கோயில் வாசலில் ஷூவை விட்டுவிட்டு ரேவதியின் கையைப் பிடித்தபடி உள்ளே போனேன். சன்னதிக்கு முன்னால் கூட்டமில்லை. தீபாராதனை முடிந்து எல்லோரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

"விழுந்து கும்பிடுங்க தங்கச்சி" என்றார் பையனின் அப்பா.

பையன் ஓரமாக நின்று ரேவதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். போனால் முதுகு போகட்டும், அதற்குக் கட்டுப் போட ஊரில் டாக்டர் இருக்கிறார், அந்தப் போட்டோவோடு மாடிக்குப் போன முகத்துக்கு யார் கட்டுப் போடுவார்கள் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்து, முட்டி போட்டேன். இதுவரை சரி. தலையைத் தரைக்குக் கொண்டுபோக முதுகை வளைக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, குனியாத."

சன்னதி முழுக்கக் கேட்டது. ரேவதி என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவுக்கு எலும்பு மெலிஞ்சிருக்கு. குனிஞ்சா முதுகெலும்பு நொறுங்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காவ. நேர்ச்சையும் இல்ல, சுளுக்கும் இல்ல. எல்லாம் பொய்."

என் கணவர் தூணைப் பார்த்தார். மதினி போட்டிராத மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். நான் முட்டி போட்டபடியே நின்றேன், ஏனென்றால் யாராவது கைகொடுக்காமல் எழுந்திருக்க முடியாது.

கைகொடுத்தது பையனின் அம்மா. தூக்கி நிறுத்திவிட்டு ரேவதியிடம் கேட்டார். "ஒனக்கும் வருமா?"

"வந்தாலும் வரும். அதுக்குத்தான் இப்பவே அம்மா கூட நடக்குதேன்."

அவர் ரேவதியை ஏற இறங்கப் பார்த்தார். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அப்போது பையன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"எங்கப்பாவுக்கு சுகர்" என்றான். "நாங்களும் சொல்லல. உங்க வீட்டுல ரெண்டு தட்டு கேசரி சாப்பிட்டாவ."

அந்த அம்மா மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். "ரெண்டா?"

பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். சாமியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் சாமியிடமே வந்துவிட்டார். "அது கெடக்கட்டும். முருகன் பேரச் சொல்லி குனிய மாட்டேன்னு சொல்லியாச்சு. பொய்யாச் சொன்னாலும் அவன் காதுல விழுந்தாச்சு. இனி தங்கச்சி குனிஞ்சாத்தான் தெய்வ குத்தம். ஆயுசுக்கும் குனியக் கூடாது."

இது தீர்ப்பா, தண்டனையா, சம்மதமா என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய மனைவிதான், "தட்டு மாத்த நல்ல நாள் பாருங்க" என்று சொல்லி விளங்கவைத்தார்.

டாக்டர் சொல்லியும் கேட்காத என் வீடு, அன்றிலிருந்து திருந்திவிட்டது. கரண்டி விழுந்தால் என் கணவர் கடையிலிருந்துகூட ஓடி வருவார். கால் விரலைத் தொடச் சொன்ன மதினி, நான் சோபாவில் சற்றுச் சரிந்தாலே, "ஏட்டி, சாமி குத்தம்" என்பாள். காரணம் தப்பு, காரியம் சரி. இதில் நன்றி யாருக்குச் சொல்வது என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்யாணத்தன்று வந்தது அடுத்த சோதனை. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் காலைக் கழுவிப் பாதபூஜை செய்வது எங்கள் வழக்கம். தாம்பாளமும் செம்பும் வந்தபிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. புரோகிதர், "அம்மா குனிஞ்சு..." என்று ஆரம்பித்தார். சம்பந்தி மேடையில் ஏறி வந்துவிட்டார். "தங்கச்சி குனிய மாட்டாவ. மாப்பிள்ளைய மேல ஏத்துங்க."

பந்தியிலிருந்து சாப்பாட்டு மேசை ஒன்று வந்தது. பட்டுவேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளையை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். சிலை திறக்கப்போகிறோம் என்று நினைத்து மண்டபத்தில் பலர் எழுந்து நின்றுவிட்டார்கள். மேசைக்கு ஒரு கால் குட்டை. மாப்பிள்ளை ஒரு பாதத்தைத் தாம்பாளத்தில் தூக்கி வைத்ததும் மேசை ஆடியது.

"அத்தை, விழுந்திருவேன் போல இருக்கு."

"ஒத்தக் கால்ல நிக்கும்போது எதையாவது பிடிச்சுக்கிடணும் மாப்ள. என் தோளப் பிடிங்க."

பிடித்தார். நல்ல கனமான கை. நான் நிமிர்ந்து நின்று, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, அவர் காலைக் கழுவினேன். இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், "மாப்பிள்ளைக்கு மேசை சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆம்பிளை ஒருத்தரை முழுசாகத் தாங்கியும் அன்றைக்கு என் எலும்பு ஒடியவில்லை.