மத்தியானத்தில் வந்த பேய்

உறுமல் சாமியார் வருகிறார் என்றால் போதும், தெருவே போட்டது போட்டபடி ஓடிவரும். ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தகரம் போட்ட வீடுகளில் எல்லாம் பேய் புகுந்துவிட்டதாம். பகலெல்லாம் அனலாக மூச்சு விடுமாம். பொழுது சாய்ந்தால் கூரைமேல் 'டக்... டக்...' என்று நடக்குமாம். சாமியார் ஓர் உறுமல் உறுமுவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். ஜனம் மெய்சிலிர்த்துப் போகும்.

பரிகாரமும் வைத்திருந்தார் மகான். "ஜன்னலைத் திறக்காதீங்க, திரும்ப வந்துடும். ஃபேனைக் கழட்டிக் கொடுங்க, அதுலதான் குடியிருக்கு."

ஜன்னல்களுக்கு ஆணி அடித்தார்கள். ஃபேன்கள் சாமியார் வீட்டுக்குப் போயின. பேய்க்கு அங்கே வாடகை கிடையாதுபோலும்!

தையல்காரி வீட்டில் கைக்குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

"ஜன்னலையாவது திறப்போமேங்க," என்று கணவனிடம் கெஞ்சினாள்.

"பேய் உள்ள வந்தா நீயா பதில் சொல்லுவே?"

ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் ஏணி வைத்து ஏறி, கூரை குளிரட்டும் என்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள்.

டக்! டக்! டக்!

ஏணியிலேயே உறைந்துபோனாள். பட்டப்பகலில் பேயா? இறங்கிப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்து பக்கத்துத் தகரத்தில் கொட்டினாள். மறுபடியும் டக் டக்! அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே பொல்லாத கோபம் வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் தெருவையும் சாமியாரையும் கூட்டினாள்.

"பொழுது சாயாம அது வராதும்மா," என்றார் அவர்.

"நான் கூப்பிட்டா வரும் சாமி."

கொட்டினாள். டக் டக்! ஜனம் அலறிச் சிதறியது.

"அடக்குங்க சாமி!" என்றாள் அவள்.

சாமியார் உறுமினார். அவள் அடுத்த தகரத்தில் கொட்டினாள். டக் டக்! இன்னும் பலமாக உறுமினார். பேய் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். சத்தம் தானாக ஓய்ந்தது.

"பேய் யார் பேச்சைக் கேட்குது, பாத்தீங்களா? வெயில்ல விரிஞ்ச தகரம் குளிர்ந்தா சுருங்குது. சாயங்காலமும் இதேதான்!"

கூட்டம் சாமியார் வீட்டுக்குப் பாய்ந்தது. ஜன்னலெல்லாம் விரியத் திறந்து கிடந்தன. தலைக்கு மேல் இரண்டு ஃபேன்கள் ஜோராகச் சுழன்றன. மற்றவை விற்பனைக்கு அடுக்கியிருந்தன. சாமியாருக்கு இருமல்கூட வரவில்லை.

கணவன் தலைகுனிந்தபடி ஆணிகளைப் பிடுங்கினான். காற்று உள்ளே வந்தது, குழந்தை கண்ணயர்ந்தது.

எதிர்வீட்டு அக்கா மட்டும் தயங்கினாள். "ஜன்னல் திறக்க நல்ல நேரம் எப்போன்னு யாரைக் கேக்கலாம்?"

"வேர்க்குதில்லக்கா? அதான் நல்ல நேரம். அப்படியே மூளையையும் திறந்து வைங்க, ரொம்ப நாளா பூட்டியே கிடக்கு!"