வானம் பார்த்த வலீமா

இனிமேல் இந்த வீட்டில் வானிலைத் தகவல் இல்லாமல் ஒரு முடிவும் எடுக்கப்படாது என்று ஹபீபுல்லா அறிவித்தார். அறிவித்த நேரத்தில் வீட்டில் இருந்தவர் அவருடைய மனைவி நஜீமா மட்டும்தான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்த மீனைக் குழம்பு வைக்கலாமா, வறுக்கலாமா? அதுக்கும் பாக்கணுமா?"

"கிண்டல் பண்ணாத நஜீமா. வளர்ந்த நாட்டுல எல்லாம் இப்படித்தான். எப்ப விதைக்கணும், எப்ப கப்பல் விடணும், எல்லாமே தகவலை வச்சுத்தான்."

"நாம எப்பங்க கப்பல் விடப்போறோம்?"

ஹபீபுல்லா தம் போனைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விஞ்ஞானத்தின் பாதையில் இப்படிப்பட்ட கேள்விகள் வரத்தான் செய்யும்.

சவூதியில் தம்மாம் நகரத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, போன பங்குனியில்தான் அவர் திருச்சி பாலக்கரையில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். வீடோ அவர் இல்லாமலே ஓடப் பழகியிருந்தது. கேஸ் எப்போது தீரும், மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம், எல்லாம் நஜீமாவுக்குத் தெரியும். அவர் எதைத் தொட்டாலும், "நீங்க உக்காருங்க" என்றாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் தம் போனில் ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். பக்கத்தில் வெப்பம் எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மழைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் இருந்தது. அதற்கு மேல் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடி போட்டால் வயதானவர் மாதிரி தெரிகிறது என்று அவர் போடுவதில்லை. பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் கம்பெனி விளம்பரம் என்பது அவருடைய கருத்து.

அன்றிலிருந்து தினமும் அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் குடும்ப குரூப்புக்கும் அவர் குரல் போகும்: "அஸ்ஸலாமு அலைக்கும். இன்று வெயில் கடுமை. மழைக்கு வாய்ப்பில்லை. வெளியே செல்வோர் தண்ணீர் எடுத்துச் செல்லவும்."

சித்திரையில் அது அப்படியே பலித்தது. ஆடியில் 'புழுதிக்காற்று' என்றார், புழுதி பறந்தது. தெருவில் அவரை வானிலை பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் நடையில் லேசாக ஒரு நிமிர்வு வந்தது. புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மட்டும் மழை கொட்டித் தீர்த்தது. அதை ஹபீபுல்லா மேகத்தின் சொந்தத் தவறு என்று தள்ளிவிட்டார். அவர் பேச்சை நம்பி மூட்டைகளை வெளியே போட்டிருந்த பக்கத்து வீட்டு தாஹாவுக்கு அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. ஹபீபுல்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நஜீமாவிடம் வந்து முறையிட்டுவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் மகன் ரஃபீக்கின் கல்யாணம் ஐப்பசியில் முடிவானது. நிக்காஹ் பெண் வீட்டார் பொறுப்பு. மறுநாள் வலீமா விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு.

"வலீமாவைத் தெருமுனைத் திடல்ல வைக்கிறோம்" என்றார் ஹபீபுல்லா. "தம்மாம்ல பெரிய மனுஷங்க எல்லாம் அப்படித்தான். கம்பளம் விரிச்சு, விளக்குப் போட்டு, மேல வெறும் வானம்."

"ஐப்பசிங்க இது. பேசாம மஹால் பிடிச்சிடுவோம்."

"உனக்கு ஆதாரம் என்ன?"

நஜீமா உள்ளே போய் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். "இது உங்க தங்கச்சி ஜஹானாரா கல்யாணம். ஐப்பசி. பாருங்க, எல்லாப் பொம்பளைங்களும் சேலையைத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க. இது எங்க அண்ணன் மக சம்ரீன் கல்யாணம். அதே மாசம். மாப்பிள்ளை தலையில தலைப்பாவுக்கு மேல பாலிதீன் பை. இது எங்க சின்னம்மா பொண்ணோடது. பின்னால நிக்கிறது உறவுக்காரங்க இல்ல, எல்லாம் குடை."

சேலையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்து ஹபீபுல்லா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆல்பம் எல்லாம் தகவல் ஆகாதும்மா. இது இருபத்தோராம் நூற்றாண்டு."

"சரிங்க" என்றாள் நஜீமா.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றால் பயப்பட வேண்டும் என்பது உள்ளூரிலேயே இருந்த புருஷனுக்குத் தெரிந்திருக்கும். ஹபீபுல்லா தம்மாமில் இருந்த புருஷன்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள். "சமையல் மட்டும் அடுத்த தெரு மஹால் பின்கட்டுல நடக்கட்டும். திடல்ல புழுதி. பிரியாணி அண்டாவுல மண்ணு விழும்."

"பாத்தியா, இதுதான் தகவலை வச்சு எடுக்கிற முடிவு" என்று ஹபீபுல்லா மெச்சிக்கொண்டார்.

வலீமா அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் திடலுக்குப் போனார். கம்பளம் விரித்தாயிற்று. நாற்காலிகள் வரிசையாக நின்றன. நாற்காலி கொண்டுவந்தவர் வடக்கே பார்த்தார்.

"பாய், ஸ்ரீரங்கம் பக்கம் கறுத்துக்கிட்டு வருது."

"அது ஸ்ரீரங்கம். இது பாலக்கரை."

"மேகம் என்ன, பஸ் பிடிச்சா வரணும்?"

ஹபீபுல்லா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "படிங்க. மழை வாய்ப்பு எவ்வளவு? பூஜ்யம்."

அந்தப் பூஜ்யத்தின் மேல் ஒரு துளி விழுந்தது.

பிறகு விழுந்ததைத் துளிக் கணக்கில் சொல்ல முடியாது. நாற்காலிக்காரர் வண்டிக்குள் ஏறிக்கொண்டார். கம்பளம் குடிக்க முடிந்த மட்டும் குடித்துவிட்டு மிதந்தது. இருட்டிய பிறகும் ஹபீபுல்லா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளி ஒருவர்கூட வரவில்லை. நஜீமாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் பாதி வழியில் பட்டும் சரிகையுமாக நனைந்து, பசியோடு திரும்பிப் போவது அவர் கண்ணில் ஓடியது. பெண்ணைக் கொடுத்த சம்பந்தி என்ன நினைப்பார்? மழைக்கு ஒதுங்க இடமில்லாத வீட்டில் மகளைத் தள்ளிவிட்டோம் என்றுதான் நினைப்பார். மகன் வாழ்க்கையில் ஒரே ஒரு வலீமா. அதைத் தன் பெருமைக்குத் தின்னக் கொடுத்தாயிற்று. முகத்தில் வழிந்தது எல்லாம் மழை என்று சொல்ல முடியாது.

குடை ஒன்று வந்தது. அடியில் தாஹா.

"வாங்க பாய். இரண்டாவது பந்தி முடியப்போகுது."

"எந்தப் பந்தி?"

"உங்க வீட்டுப் பந்திதான்."

அடுத்த தெரு மஹாலில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. பிரியாணி வாசம் வாசல் வரை வந்து வரவேற்றது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் காய்ந்த தலையோடு பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தால்ச்சா கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் ரஃபீக் மாலையோடு உட்கார்ந்திருந்தான். சம்பந்தி எழுந்து வந்தார்.

"வாங்க சம்பந்தி. திடல்ல எல்லாம் நல்லபடியா இருக்கா?"

ஹபீபுல்லா வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் படம் எடுத்தார். ஆல்பத்தில் தன் இடம் எது என்பது ஹபீபுல்லாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

நஜீமா துண்டோடு வந்தாள். கையில் ஒரு பை. "உள்ள ரூம்ல போய் மாத்திக்குங்க. வேட்டி, சட்டை, பனியன் எல்லாம் இருக்கு. காலைலயே எடுத்து வச்சிட்டேன்."

"காலைலயேவா? பத்திரிகையில திடல்னு போட்டிருக்கே?"

"கொடுக்கும்போது வாயால மஹால்னு சொல்லிட்டேன். நீங்க கொடுத்த வீட்டுக்கெல்லாம் பின்னாடியே போன் போட்டேன்."

"மஹாலை எப்ப பிடிச்ச?"

"கல்யாணத் தேதி வச்ச அன்னைக்கே. தாஹா அண்ணன்தான் பேசி முடிச்சாரு." அவள் பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். "இதைப் போட்டுக்கிட்டு உங்க போன்ல மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. வெங்காயம் நனைஞ்ச அன்னைக்கு, சார்ஜ்ல போடும்போதுதான் நானே பாத்தேன்."

ஹபீபுல்லா கண்ணாடி போட்டுக்கொண்டார். பொடி எழுத்து விளம்பரம் அல்ல. தம்மாம் என்று இருந்தது. ஆள் ஊர் வந்து சேர்ந்தும் போன் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"இது தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"புதுசா குடிவந்தவங்களுக்குத் தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"காலைல அந்த வாய்ஸ் அனுப்பும்போது உங்க மூஞ்சி நல்லா இருக்குங்க" என்றாள் நஜீமா. "அதைக் கெடுக்க மனசு வரல."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று ஹபீபுல்லாவுக்குத் தோன்றியது. துண்டால் தலையைத் துவட்டுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டார். இந்த ஊரில் தன் பேச்சு ஒருவருக்காவது ஒருநாளாவது உதவியிருக்குமா என்று துண்டுக்குள்ளேயே யோசித்தார்.

போன் அடித்தது. வீடியோவில் மூத்த மகள் ஆலியா. நிறைமாதம் என்பதால் தம்பி கல்யாணத்துக்கு வர முடியாமல், புருஷனோடு தம்மாமில் இருப்பவள்.

"அத்தா, இன்னைக்கு ஏன் உங்க வாய்ஸ் வரல? காலைலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இங்க நீங்க சொல்றது ஒருநாள்கூடத் தப்பினதே இல்ல" என்றாள் ஆலியா. "சீக்கிரம் சொல்லுங்க, மாடியில காயப்போட்ட துணியை எடுக்கவா, விடவா?"