ஃபில்டர் ஐயாவும் பொறாமை எண்ணெயும்

காலை நேரத்தில் அந்த வேன் ஸ்டாண்டில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒவ்வொருவர் கையிலும் பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள். சிலர் மெல்லத் தட்டிக்கூடக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது குழந்தை இல்லை. டீசல் வண்டியின் ஏர் ஃபில்டர். என்ஜினுக்குள் தூசி போகாமல் தடுக்க, சட்டத்துக்குள் மடித்து வைத்த வெறும் காகிதம். அதற்குத்தான் இவ்வளவு தாலாட்டு.

வரிசை போய் முடிகிற இடம் ஸ்டாண்டின் மூலையில் இருந்த தகர அறை. உள்ளே சுழல் நாற்காலியில், வெள்ளை முழுக்கைச் சட்டையோடும் பூதக்கண்ணாடியோடும் வீற்றிருப்பவர் ஃபில்டர் ஐயா. முன்பு காருக்குள் தொங்கவிடும் வாசனை அட்டை விற்றுக்கொண்டிருந்தார். வாசனையில் லாபம் இல்லாமல் நாற்றத்துக்கு மாறினார் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்கள், அவருக்கு ஞானம் பிறந்தது என்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஐயா கண்டுபிடித்தது இதுதான். ஃபில்டரில் எண்ணெய் படிந்தால் அது எண்ணெய் அல்ல, பொறாமை. யாரோ உங்களைப் பார்த்து வயிறு எரிகிறார். அந்த எரிச்சல் உருகி உங்கள் வண்டியின் மூச்சில் வந்து ஒட்டுகிறது. கறையின் வடிவத்தைப் பார்த்து ஆள் யார் என்று ஐயா சொல்லிவிடுவார்.

"பக்கத்துலயே இருக்கிற ஆள்தான்" என்றுதான் எப்போதும் தொடங்குவார். சரிதான், தூரத்தில் இருக்கிறவனுக்கு நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட நேரம் ஏது? பிறகு பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, "மூக்கு சற்று நீளமா தெரியுது" என்பார். வந்தவர் தன் சொந்தபந்தங்களின் மூக்குகளையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்து, ஒன்றைப் பிடித்துவிடுவார். மூக்கே இல்லாத உறவினர் யாருக்கும் வாய்க்காததால் ஐயாவின் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

நோய் இருந்தால் மருந்தும் உண்டே. அது சாந்தி எண்ணெய். ஐயா தன் கையாலேயே எடுத்துத் தரும் புட்டி. வாரம் தவறாமல் அதை என்ஜினில் ஊற்ற வேண்டும். ஆனால் டிப்ஸ்டிக்கை, அதாவது என்ஜினில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்கிற கம்பியை, உருவிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் சந்தேகப்பட்டதாக அர்த்தம், பலன் போய்விடும். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு நெற்றியில் கை வைத்துப் பார்க்காதே என்று சொல்கிற வைத்தியரை இதற்கு முன் யாரும் கண்டதில்லை. இங்கே அவர் அறை வாசலில் வரிசையே நின்றது.

ஸ்டாண்டில் இருந்தவர்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கறைபட்டன. ஒருவர் கூடப்பிறந்த தங்கை வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். இன்னொருவர் தன் மாமனாரோடு பேச்சை முறித்துக்கொண்டார். அந்தப் பேச்சு ஏற்கெனவே முறிந்துதான் கிடந்தது, இப்போது ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் கறை கேன்டீன் அக்கா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பொரிக்கும் அடுப்புப் பக்கம் வேலை. அவள் வீட்டுக்காரரும் அவள் தம்பியும் கூட்டாக ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் இவர் ஓட்டினால் மறுவாரம் அவன், மற்றவர் பக்கத்து சீட்டில். அம்மா போன பிறகு அக்காதான் தம்பியை வளர்த்தாள். அவன் முன்னறையில் படுத்து, அவள் கையால் சாப்பிட்டு, அவள் திட்டினால் சிரித்துக்கொண்டு வளர்ந்தவன்.

வேன் கறும்புகை கக்கியது. மேட்டில் இழுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. வீட்டுக்காரர் ஃபில்டரைக் கழற்றினார், ஒரே எண்ணெய்க் குளியல். எல்லாரும் போகிற இடத்துக்கு அவரும் போனார்.

"உங்க ஸ்டியரிங்கைத் தொடுற இன்னொரு கை இருக்கு" என்றார் ஐயா. ஸ்டாண்டுக்கே தெரிந்த கூட்டு வண்டி அது. இதைச் சொல்ல ஐயாவுக்குப் பூதக்கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது, மரியாதைக்காக வைத்துப் பார்த்தார்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. நல்லவர்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற நல்லவர். முதல் புட்டி ஊற்றினார், கறை கூடியது. இரண்டாவது ஊற்றினார், ஃபில்டரிலிருந்து சொட்டவே ஆரம்பித்தது. பொறாமை முற்றிவிட்டது, கூட்டை முறித்தால்தான் வண்டி பிழைக்கும் என்று ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குள் வேலையும் கெட்டிருந்தது. இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் மாடிப்படியில் பீரோ இறக்கினால் என்ன ஆகும்? தம்பியின் விரல் நசுங்கியது. அதற்கும் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தபோது, தம்பி கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். துறைமுகக் கிடங்கில் ஆள் கேட்கிறார்களாம், தங்க இடமும் உண்டாம். மாமாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்றான். குரலில் கோபம் இருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கேன்டீனில் புகைக்கூண்டு துடைக்கும் முறை அவளுடையது. அடுப்புக்கு மேலே இருக்கும் அந்தக் கூண்டில், புகையை இழுக்கிற விசிறிக்கு முன்னால் ஒரு கம்பளித் துணி மாட்டியிருக்கும். கழற்றினால் பழுப்பு எண்ணெய் கை வழியாக முழங்கைவரை ஒழுகும். அவள் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். இந்தக் கூண்டைப் பார்த்து யார் பொறாமைப்பட்டார்கள்? அரிசி மூட்டையா? சூடான எண்ணெயிலிருந்து ஆவி எழும், ஆவி போகிற வழியில் துணி இருந்தால் அதில் படியும். இதை அவள் தினமும் பார்க்கிறாள். என்ஜினுக்குள்ளும் எண்ணெய் சூடாகத்தானே இருக்கிறது?

விடுமுறை நாளில் வீட்டுக்காரரை வேனோடு அழைத்துக்கொண்டு, ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் போனாள். என்ஜின் தலையிலிருந்து கிளம்பி ஃபில்டர் பெட்டிக்குள் நுழைகிற ரப்பர் குழாயைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள்.

மெக்கானிக் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். அது ப்ரீதர் குழாய், என்ஜினின் மூச்சுக்குழாய். உள்ளே சேர்கிற ஆவி அது வழியாக வெளியே வந்து, தெருவில் நாறாமல் திரும்பவும் காற்றோடு சேர்ந்து எரியப் போகும். பழைய என்ஜின் என்றால் ஆவியோடு கொஞ்சம் எண்ணெயும் வரும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் நிறையவே வரும். ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும், வண்டி மூச்சுத் திணறும், புகை கக்கும்.

"இதை ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டாள் அக்கா.

"யாரும் கேக்கலையே அக்கா. எல்லாரும் வந்து புது ஃபில்டர்தான் கேட்டாங்க, குடுத்தேன்."

அக்கா டிப்ஸ்டிக்கை உருவினாள். வீட்டுக்காரர் பதறிக் கையை நீட்டினார், அதற்குள் உருவிவிட்டாள். எண்ணெய் நிற்க வேண்டிய கோட்டையும் தாண்டி, கைப்பிடிவரை எண்ணெய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அந்தக் கம்பியில் அது பளபளவென்று தெரிந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். இருந்தாலும் ஐயா சொன்னது என்று இழுத்தார். நம்பிக்கை என்பது லேசில் கழலாத போல்ட்டு.

"சரி, சோதிச்சுப் பாத்துடலாம்" என்றாள் அவள். "கூடுதலா இருக்கிற எண்ணெயை இறக்கிடுங்க. புது ஃபில்டர் மாட்டுங்க. இந்தக் குழாயைப் பெட்டியிலேர்ந்து கழட்டி ஒரு பாட்டில்ல விடுங்க. இந்த வாரம் பூரா என் தம்பி மட்டும் ஓட்டட்டும். அவன் கண்ணு பட்டுத்தான் கறுக்குதுன்னா ஃபில்டர் கறுக்கட்டும். நல்லா வயிறெரிஞ்சுக்கிட்டே ஓட்டுடான்னு நானே அவன்கிட்ட சொல்றேன்."

பாட்டில் மூடியில் ஆவி போக ஓட்டை போட வேண்டும், அடைத்தால் என்ஜின் வேறெங்காவது பிய்த்துக்கொண்டு எண்ணெயைத் துப்பும் என்றார் மெக்கானிக். கேட்ட பிறகு அவர் நன்றாகவே சொன்னார்.

அக்கா சொன்னதற்காகக் கிடங்கு வேலையைத் தள்ளிப்போட்டு, அந்த வாரம் தம்பி தனியாக ஓட்டினான். எப்படிப் பொறாமைப்படுவது என்று தெரியாமல், காலையில் வண்டியை எடுக்கும்போது வேனை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவான். மேட்டில் வண்டி இழுத்தது. புகை அடங்கியது. வாரக் கடைசியில் வீட்டுக்காரர் தன் கையாலேயே ஃபில்டரைக் கழற்றினார். கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். பாட்டிலின் அடியில் பழுப்பு எண்ணெய் தேங்கியிருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் யார் மூக்கும் தெரியவில்லை.

வீட்டு விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை அவளும் ஒரு பொட்டலத்தோடு வரிசையில் நின்றாள்.

ஐயா பிரித்துப் பார்த்தார். பழைய ஃபில்டர் சட்டத்துக்குள் எண்ணெய் ஊறிய கம்பளி. பூதக்கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தினார். நெடுந்தூரம் ஓடிய வண்டி என்றார். நிறைய மேடு ஏறியிருக்கிறது, சுமை அதிகம் என்றார். கூடவே ஓட்டுகிற ஒரு சொந்தம், வயதில் சின்னது, அதன் கண் இதில் அப்படியே பதிந்திருக்கிறது என்றார். வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"ஐயா, இது ஓடவே இல்ல" என்றாள் அக்கா. "எங்க கேன்டீன் அடுப்புக்கு மேல மாட்டியிருந்த துணி. நானே என் கையால கழட்டினேன். சந்தேகம்னா மோந்து பாருங்க."

முன்னால் நின்றவர் மோந்து பார்த்தார். உருளைக்கிழங்கு பொரித்த வாசம் என்றார். துணி வரிசையில் கைமாறிப் போனது. ஒருவருக்குப் பசியே எடுத்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் வாய் மிச்சம் இருந்தது. அடுப்படியிலும் பொறாமை உண்டு, அதைத்தான் பார்த்தேன் என்றார். அக்கா பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இருக்கட்டும் ஐயா. என் தம்பியோட பொறாமை இதோ இந்தப் பாட்டில்ல இருக்கு. குழாயை இந்தப் பக்கம் திருப்பினேன், இந்தப் பக்கம் வந்துடுச்சு. மனுஷனோட பொறாமை ரப்பர் குழாய் சொன்ன பேச்சைக் கேக்குமா?"

அவள் வரிசைப் பக்கம் திரும்பி, என்ஜினில் எண்ணெய் அதிகமானால் அந்தக் குழாய் வழியாகத்தான் ஃபில்டருக்கு வரும் என்றாள். பிறகு வரிசையின் கடைசியில் இருந்தவர் மெல்லத் தன் வண்டியிடம் போய், மூடியைத் தூக்கி, கம்பியை உருவினார். இன்னொருவர் போனார். பார்க்காதீர்கள், பலன் போய்விடும் என்று ஐயா எழுந்து நின்று கத்தினார். ஒவ்வொரு கம்பியும் கைப்பிடிவரை நனைந்தே வந்தது. சாந்தி எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்த ஒருவர், இது வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய் மாதிரி இருக்கிறதே என்றார். வேடிக்கை பார்க்க வந்து நின்ற மெக்கானிக்கை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய எண்ணெயை ஐயா வடிகட்டி எடுத்துப் போவார், என்ன செய்கிறார் என்று தான் கேட்டதில்லை என்றார் அவர். கேட்காமலே வாழ்கிற வித்தையில் அவரும் அந்த வரிசைக்குச் சளைத்தவரில்லை.

அடிதடி எதுவும் நடக்கவில்லை. ஐயா பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவசரமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். வாசலில் அவரை ஒருவர் மடக்கினார். திட்டுவதற்கு இல்லை. தன் வண்டியின் ஹாரன் கரகரப்பது யார் கண்ணால் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் முன்னறை வாசலில் வந்து நின்றார். பை இன்னும் கட்டியபடியே மூலையில் கிடந்தது. தம்பி நசுங்கிய விரலின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அக்கா உள்ளேயிருந்து வரவில்லை. இதை அவரே செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

போக வேண்டாம் என்றார் அவர். ஐயா அவ்வளவு உறுதியாகச் சொன்னார், வண்டியும் அப்படிப் புகைந்தது, நான் என்ன செய்ய என்றார்.

தம்பி பிரித்த துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"இருக்கேன் மாமா. ஆனா அத்தனை வாரம் நான் உங்க பக்கத்து சீட்லதான் உக்காந்திருந்தேன். உனக்கு என் மேல பொறாமையாடான்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

அது அவருக்கு மட்டுமான கேள்வி இல்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும். அளவு பார்க்கக் கம்பி இருந்தது, அதை உருவக் கை இருந்தது, கேட்க வாய் இருந்தது, பதில் சொல்லப் பக்கத்திலேயே மனிதன் இருந்தான். அத்தனையையும் வைத்துக்கொண்டு கறையில் மூக்கைத் தேடியவர்கள், தோளுக்கு மேலே தலை என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்பதையாவது இனிமேல் தேடிப் பார்க்கட்டும்.