கத்திரிப்பூ ஊதாவோடு பெண் பார்க்கப் போன கதை

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருந்தே தீரும். சிலருக்குப் புறா, சிலருக்கு அரசியல். என் மாமாவுக்கு அடுத்தவன் வீட்டில் புதிதாக என்ன வண்டி நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இதிலெல்லாம் தப்பே இல்லை. அந்தப் பைத்தியத்தைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு பெண் பார்க்கப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ஊதா இங்க் பைத்தியம்.

விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா நான். எங்கள் ஆபீசில் இங்க்குக்கும் பதவி உண்டு. நீலம் எங்களைப் போன்றவர்களுக்கு, பச்சை ஆபீசருக்கு, சிவப்பு தப்பு கண்டுபிடிக்க வருகிறவருக்கு. ஊதாவை மட்டும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. புறம்போக்காகக் கிடந்த அந்த நிறத்தை நான் வளைத்துப் போட்டுவிட்டேன். (கோப்பில் எழுத முடியாது, எழுதினால் மெமோ. ஆனாலும் என்னுடையது என்று ஒன்று வேண்டாமா?)

ஆன்லைனில் வரவழைத்த மூன்று புட்டிகள் வீட்டில் இருந்தன. வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன்: கத்திரிப்பூ, நாவப்பழம், டிசம்பர் பூ. ஆபீஸ் விட்டு வந்ததும் மூன்றிலும் 'கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும்' என்று எழுதி, காயவிட்டு, மேலே தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். கத்திரிப்பூ எழுதும்போது சொக்க வைக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கூழும் போய்விடும் குழம்பும் போய்விடும். நாவப்பழம் நல்ல அடர்த்தி, ஆனால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். டிசம்பர் பூ மட்டும் ஒட்டினால் ஒட்டியதுதான், எங்கள் வீட்டு டைல்ஸில் இன்னும் ஒரு திட்டு இருக்கிறது. தண்ணீருக்கு அசையாததுதான் உத்தம இங்க் என்பது அன்றைய என் சித்தாந்தம். அதனால் கத்திரிப்பூவுக்குக் கடைசி இடம் கொடுத்து, மற்ற இரண்டில் எது முதல் என்று முடிவு செய்ய முடியாமல் மாதக்கணக்கில் தவித்தேன்.

"ஊதான்னா ஊதா. அதுல இன்னாடா மூணு?" என்பாள் அம்மா.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் வானூர் பக்கம் ஓர் இடம் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் "பொழுதுபோக்கு இன்னாங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். நான் ஆரம்பித்தேன். நிறுத்தும்போது பஜ்ஜி ஆறிப் போயிருந்தது. 'பையன் இங்க்க பத்தியே பேசிக்கினு இருந்தாரு, பொண்ண ஒருவாட்டி கூட நிமிந்து பாக்கல' என்று தரகர் மூலம் பதில் வந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்துதான் திண்டிவனம் இடம் வந்தது. பெண் தமிழரசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நேரில் பார்க்கும் முன்பே இரண்டு வீட்டாரும் சம்மதித்து ஒரு முறை போனில் பேச விட்டார்கள். டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் பேசினாள். நான் சொன்ன ஒரு சாதாரண ஜோக்குக்கு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இந்த இடம் அமையாவிட்டால் இனி யாரையும் பார்க்கப் போவதில்லை என்று மனசுக்குள் தீர்மானம் போட்டுக்கொண்டேன்.

அம்மாவும் உஷாராக இருந்தாள். "அங்காளம்மா மேல சத்தியம் பண்ணு. திண்டிவனத்துல பேனா, இங்க்னு ஒரு வார்த்த உன் வாயில வரக்கூடாது."

சத்தியம் பண்ணினேன். (பேனாவைக் கொண்டுவரக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே! ஒவ்வொன்றிலும் ஓர் ஊதா ஊற்றிய என் மூன்று பேனாவையும் வெள்ளைச் சட்டைப் பையில் சொருகினால் முகத்துக்குப் படித்த களை வரும் என்று நம்பினேன்.)

நல்ல நாள் என்று அம்மா குறித்தது நிறைந்த அமாவாசை. அங்காளம்மன் கோயில் கூட்டத்துக்காகப் பாதிப் பேருந்துகளை மேல்மலையனூருக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். திண்டிவனம் போக வந்த ஒரு பஸ்ஸில் ஊரே ஏறியது. அம்மாவும் மாமாவும் எப்படியோ முன்னால் இடம் பிடித்துவிட, நான் பின்பக்கம் ஒரு காய்கறி மூட்டைக்கும் ஒரு பெரியவரின் முழங்கைக்கும் நடுவில் நசுங்கினேன். பஸ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, நெஞ்சில் ஈரம் தெரிந்தது. ஏதோ ஒரு பேனா கசிகிறது. ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் பேனா. எது கசிகிறது என்று பார்க்க ஒவ்வொரு மூடியையும் பல்லால் கடித்துத் திறந்தேன். கத்திரிப்பூ! விரலையெல்லாம் கருநீலக் கைக்குட்டையில் துடைத்தேன். வேர்வை வழிந்ததால் அதே கைக்குட்டையால் முகம், கழுத்து எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டையின் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை, சமாளித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கண்டக்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியா?" என்றார்.

"திண்டிவனம்" என்றேன் கெத்தாக.

உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சட்டென்று எழுந்து, "நீ உக்காருப்பா, பாவம்" என்றார். நெரிசல் பஸ்ஸில் எனக்கு இடம்! அயர்ன் பண்ணிய சட்டைக்கு இருக்கிற மரியாதையே தனி என்று பூரித்துப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவரும் கொஞ்சம் நகர்ந்து தாராளமாக இடம் விட்டார்.

திண்டிவனத்தில் இறங்கினால், பெண்ணின் அப்பாவே காரோடு வந்து நிற்கிறார். என்னைத் திரும்பிப் பார்த்த அம்மாவின் முகம் வெளிறியது. கண்ணாலேயே ஏதோ சைகை காட்டினாள். சிரிக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று வாய்நிறையச் சிரித்தேன். (பல்லெல்லாம் ஊதா என்பது பிறகுதான் தெரிந்தது.) பெண்ணின் அப்பா கும்பிட்ட கையைக் கீழே இறக்க மறந்து நின்றார். மாமா பாய்ந்து வந்து சட்டைக் கறையை மறைக்கத் தன் துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார். சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா மேலும் கீழும் பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

சத்தியம் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன், இங்க் என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு.

அவர்கள் வீட்டுக் கூடத்து நிலைக்கண்ணாடியில்தான் என்னை நானே பார்த்தேன். உதடு ஊதா, கழுத்தில் திட்டுத் திட்டாக ஊதா, விரலிடுக்கெல்லாம் ஊதா. வாய்ப்புண்ணுக்கும் தோலில் வரும் படைக்கும் ஆஸ்பத்திரியில் தடவுவார்களே ஓர் ஊதா மருந்து, அதைக் குடம் குடமாக ஊற்றிக் குளித்தவன் மாதிரி இருந்தேன். போனில் கேட்ட அந்தச் சிரிப்பு இனி எனக்கில்லை என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழரசியின் அத்தை மெதுவாக எழுந்து பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார். போகும்போது பக்கத்தில் விளையாடிய குழந்தையையும் தூக்கிக்கொண்டார். "எத்தினி நாளா இருக்குது தம்பி? பாண்டில ஒரு நல்ல டாக்டரு இருக்காரு" என்றார் அங்கிருந்தே.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெடித்தாள். "ஐயோ, சீக்கு இல்லீங்க! இங்க்குங்க, வெறும் இங்க்கு!"

"இந்தக் காலத்துல யாருங்க இங்க் பேனா வச்சிக்கினு இருக்காங்க?" என்றார் பெண்ணின் அப்பா. "அப்பிடியே இருந்தாலும் இங்க்குன்னா நீலமா இல்ல இருக்கும்?"

"ஊதாவும் இருக்குதுங்க. அதுலயே மூணு இருக்குதுங்க!" என்றாள் என் அம்மா. அவள் வாயால் அதைக் கேட்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சபையில் ஒருவரும் நம்பவில்லை.

அந்த நேரம் தமிழரசி காபித் தட்டோடு வந்தாள். "அம்மாடி, கிட்டப் போவாத" என்றார் அத்தை. அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"வாயத் திறங்க."

திறந்தேன்.

"நாக்க நீட்டுங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில், இரண்டு பக்கத்து உறவினர் முன்னிலையில், நாக்கை நீட்டிய மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே போய்ப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வந்து என் விரலைப் பிடித்துத் துடைத்தாள். கத்திரிப்பூ அப்படியே பஞ்சுக்குப் போய்விட்டது. விரல் பளிச்சென்று வெளியே வந்தது.

பஞ்சைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். "அத்த, மருந்தா இருந்தா தண்ணிக்கெல்லாம் போவாது. நான்தான் டெய்லி போட்டு விடுறனே. இது இங்க்குதான்."

கடைசி இடம் கொடுத்து நான் ஒதுக்கி வைத்த இங்க், ஒரு பஞ்சுக்குப் பணிந்து என் மானத்தைக் காப்பாற்றியது. உத்தமம் என்று நான் கொண்டாடிய டிசம்பர் பூ கசிந்திருந்தால் இன்றைக்கும் நான் பிரம்மச்சாரி.

பிறகு எங்களைத் தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். என்ன பேசுவது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, அவளே கையை நீட்டினாள். "அந்த மூணையும் காட்டுங்க, பாப்போம்."

சத்தியத்தை அம்மாவே உடைத்துவிட்டதால் தைரியமாகக் காட்டினேன். ஸ்வீட் டப்பா மூடியில் மூன்றிலும் அவள் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். "இதான் நல்லாருக்கு" என்று நாவப்பழத்தைத் தொட்டாள். நான் மாதக்கணக்கில் தவித்ததை அவள் ஒரு நொடியில் முடித்துவிட்டாள்.

"எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியலீங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் இவ்ளோ நாள் எடுத்துப்பீங்களா?"

"இங்க்குக்கு மட்டும்தாங்க. மத்தத அன்னிக்கு போன்லயே முடிவு பண்ணிட்டேன்."

அவள் சிரித்தாள். போனில் கேட்டதைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தது. வைகாசியில் கல்யாணம்.

ஆனால் அந்த அத்தை மட்டும் பஞ்சு சோதனையை இதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. திண்டிவனம் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் புதிதாக வந்தவர்களிடம் என்னைக் கைகாட்டி, "இந்தப் புள்ளைக்கு ஒடம்பெல்லாம் ஊதாவா இருந்துச்சு. எங்க பொண்ணு நர்ஸு பாருங்க, கட்டிக்கினு போயி சரி பண்ணிட்டா" என்பார். கேட்டவர்கள் இரக்கத்தோடு தமிழரசி பக்கம் திரும்பி, "இப்போ குணமாயிடுச்சாம்மா?" என்பார்கள்.

அவளும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்வாள்: "எங்கங்க, போன வாரம் கூட ரெண்டு புட்டி வாங்கிக்கினு வந்தாரு."