குடிவருபவருக்கு ஒரு ஜன்னல்

இந்த வருஷம் வரி என்று ஒற்றைக் காசு கட்டுவதில்லை என்று ரசீதுக்காரர் சபதம் எடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த சபதம் என்பதால் மனைவிக்குப் பாதிதான் புரிந்தது. மீதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

ரசீதுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஒரு கிடங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு டீ குடித்தாலும் ரசீது கேட்பார். தும்மினால்கூட அதை எந்தச் செலவில் சேர்க்கலாம் என்று யோசிக்கிற மனுஷர். ஓய்வுப் பணத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தார். வாடகைக்கு விடத்தான். அந்த வீட்டுக்குச் செய்கிற செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னாரோ இல்லையோ, கஞ்ச மகாபிரபு ஒரே நாளில் கர்ணனாகிவிட்டார். அந்த வீட்டுக்கு மட்டும்.

சொந்த வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. ஆகவே சொந்த வீட்டில் குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போய், ஒரு கயிறு வேலை பார்த்தது. மனைவி துணி தைத்துச் சம்பாதிப்பவள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த இடுக்கில்தான் அவளுடைய தையல் மெஷின். ஜன்னல் கிடையாது. ஒரு பல்பு உண்டு, அதுவும் அழுமூஞ்சி பல்பு. ஊசியில் நூல் கோர்க்க ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய் வருவாள். கல்யாணமான புதிதில், இங்கே ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அவள் கண்ணுக்குக் கண்ணாடி வந்து, கண்ணாடி தடித்து, தலையும் நரைத்துவிட்டது.

புது வீட்டில் கொத்தனார் கிழக்குச் சுவரை உடைத்து ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி புழுதியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டிக்குக் கூலி கொடுத்தால் கழிக்க முடியாதாம், அதனால் கொடுக்கவில்லை. ஜன்னல் சட்டம் வந்து பொருந்தியதும் வெயில் உள்ளே வந்து அவள் கால்மேல் விழுந்தது. அவள் கூட்டுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, இந்த ஜன்னல் யாருக்கு?"

"குடிவர்றவங்களுக்கு."

"யாரு வர்றாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்? யாரோ."

"யாரோவுக்கு வெளிச்சம் வேணும்னு மட்டும் தெரிஞ்சுதா?"

"என்னம்மா பேசற? வெளிச்சம் இல்லாத வீட்டுக்கு யாரு குடி வருவா?"

"நான் வந்தேனே."

கொத்தனார் கரண்டியைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டார். ரசீதுக்காரரோ சிமெண்டு மூட்டை ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

வருஷம் முடியப் போகிற சமயத்தில் ஆடிட்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். "சார், சும்மா பூட்டி வச்சிருந்தா ஒண்ணையும் கழிக்க முடியாது. நிஜமா ஆள் குடியிருக்கணும்."

ரசீதுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் அவர் சொன்ன வாடகையைக் கேட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிப்போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தரகர் போன் செய்தார்.

"சார், ஒரு அம்மா கேக்கறாங்க. வாடகையில பேரமே இல்லை. தையல் வேலை, சொந்தச் சம்பாத்தியம்."

"குடும்பம்?"

"கல்யாணம் ஆனவங்கதான். ஆனா ரொம்ப வருஷமாத் தனியாத்தான் இருக்கேன்னு சொன்னாங்க."

"ஐயோ பாவம்," என்றார் ரசீதுக்காரர், மனசார. "உடனே ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டு சாவியக் குடுத்துடுங்க."

மறுநாள் காலை ஆடிட்டரிடம் போய் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, முன்பணம் வாங்க நேரே புது வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினுக்கு முன்னால் மனைவி. உட்கார்ந்த இடத்திலேயே ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் நூல் உள்ளே போனது.

"நீ இங்க என்ன பண்ற?"

"குடிவந்திருக்கேன்." தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டினாள். "எண்ணிக்குங்க. ரசீது வேணும்."

"விளையாடறியா? கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

"இன்னிக்குச் சாப்பாடு அங்க மூடி வச்சிருக்கேன். நாளையிலேர்ந்து நீங்கதான் பாத்துக்கணும்." குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

தலைதெறிக்க ஆடிட்டரிடம் ஓடினார். பெண்டாட்டி கொடுப்பது வாடகையே ஆகாது, செல்லாது, ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டி வந்துவிடலாம். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணா இருந்தீங்கன்னா செல்லாது சார். தனித்தனியா இருக்கீங்கன்னா எல்லாத்தையும் முழுசாக் கழிச்சுக்கலாம்."

அந்த வருஷம் அவர் ஒற்றைக் காசு வரி கட்டவில்லை. சபதம் நிறைவேறிவிட்டது. இடுக்கில் மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால்தடங்கள் மட்டும் இருந்தன. ஒருநாள் சட்டைப் பொத்தான் அறுந்து, அங்கே உட்கார்ந்து தைக்கப் பார்த்தார். நூல் ஊசிக்கு வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, உள்ளே மட்டும் போகவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே வெளிச்சத்தில் நின்றபோதுதான் அவள் இந்த வழியே எத்தனை தடவை நடந்திருப்பாள் என்று தோன்றியது. நூல் கோர்க்காமலே நின்று அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கடைக்குப் போய் ஒரு ஸ்பானர் வாங்கினார். ரசீது கேட்க மறந்துவிட்டார். இரண்டு தெரு நடந்து போய்ப் புது வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏதாவது ரிப்பேர் இருக்கா? குழாய் சொட்டுதா? தாழ்ப்பாள் சரியா விழுதா?" ஸ்பானரை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே கேட்டார். "எதுவா இருந்தாலும் நானே செஞ்சு தரேம்மா."

அவள் ஸ்பானரைப் பார்த்தாள். பொத்தான் இல்லாத சட்டையைப் பார்த்தாள். வீட்டுக்குள் திரும்பி ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலைங்க," என்றாள். "எல்லாம் நீங்க பாத்துப் பாத்து வாங்கிப் போட்டதாச்சே."