மாப்பிள்ளை இன்னும் முற்றத்தில் நிற்கிறார்

சடங்கு இலாகாவின் தூணாக விளங்கும் அண்ணா சுகேதோகி அவர்களின் சமூகத்துக்கு, தம்பி சுகேனாகா நெற்றி தரையில் பட வணங்கி எழுதுவது. ஊதாக் கொடிப்பூ தொங்கி, குயில் கூவத் தொடங்கிவிட்ட இந்த நல்ல பருவத்தில் தாங்களும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் தூரிகையை எடுத்தேன். சுகமாவது ஒன்றாவது, குடி முழுகிப்போச்சு அண்ணா!

நாய் குட்டி போட்டுவிட்டது. நம் நாய்கூட இல்லை, எங்கேயோ திரிந்த தெருநாய். தலைநகரில் இத்தனை மாளிகை இருக்க, கூரை ஒழுகுகிற என் வீட்டுத் தரைக்கு அடியில்தான் வந்து பெற்றிருக்கிறது. அதுவும் எந்த நாளில்? என் பெண் நோபுகோ கல்யாணத்தின் மூன்றாவதும் கடைசியுமான ராத்திரி வரும் நாளில். மாப்பிள்ளை யோரிகதா இரண்டு ராத்திரியும் முறைப்படி வந்து போனார், விடிந்ததும் பாட்டும் எழுதி அனுப்பினார் (சுமார்தான், சட்டைக்கை கண்ணீரில் நனைந்ததாம், யார் பாட்டில்தான் நனையவில்லை?). இன்று வந்து அவளோடு உட்கார்ந்து அரிசி உருண்டையைச் சாப்பிட்டுவிட்டால் அவர் நம் வீட்டுப் பிள்ளை. சாப்பிடவில்லை என்றால் கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் எவன் வருவான் அண்ணா இந்த வாசலுக்கு?

பொழுது சாய்கிற நேரத்தில் வேலைக்காரி அவாஜி, "ஐயா, தரைக்கடியில என்னமோ கீச்சுகீச்சுங்குது!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக ஒரு கும்பல் நெளிகிறது. பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டில் நாய் குட்டி போட்டாலும் தீட்டுதான், உடனே பலகை மாட்டு என்று சின்ன வயதிலிருந்து நீங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன். பலகையை எடுத்தேன், 'தீட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன், வாசலில் நானே மாட்டினேன். உங்கள் தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை யாரு மாட்டச் சொன்னா? நாய் வந்து கேட்டுச்சா?" "மறைச்சா தெய்வக்குத்தம்டி!" "பெத்த பொண்ணை வாழாவெட்டியா உட்கார வச்சா அது என்ன குத்தம்? அதுக்கும் ஒரு பலகை எழுதி மாட்டுங்க!" சரி, கழற்றிவிடலாம் என்று நான் வாசலுக்குப் போவதற்கும் மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

பலகையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் சில நாளில் கமோ திருவிழா ஊர்வலத்தில் குதிரையேறிப் போக வேண்டியவர் அவர். தீட்டுப்பட்டவர் தெய்வத்தின் பக்கமே போக முடியாதே! ஆனால் திரும்பியும் போகவில்லை. முற்றத்துக்குள் வந்து கம்பம் மாதிரி நின்றுவிட்டார். "நின்னா ஒட்டாது மாமா, உட்கார்ந்தாத்தான் தீட்டு ஒட்டும்" என்கிறார். உங்கள் இலாகா போட்ட விதிதான். ஆனால் நின்றுகொண்டே எப்படிக் கல்யாணம் பண்ணுவது? இந்த அழகில் செருப்பு வேறு. மாப்பிள்ளை ஓடிப்போகாமல் இருக்க வேண்டுமென்று நானும் என் பெண்டாட்டியும் இரண்டு ராத்திரியும் அவர் செருப்பை ஆளுக்கொன்றாகக் கட்டிப்பிடித்துத்தான் படுத்தோம், எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. இன்று அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். "செருப்பையாவது குடுங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சினேன். "குடுத்துட்டு வெறுங்காலோட எப்படி மாமா போறது?" "அப்ப போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா!" என்று மூங்கில் திரைக்குப் பின்னாலிருந்து பெண்டாட்டி ஓவென்று அழ, மாப்பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது. இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அப்படியேதான் நிற்கிறார். உருண்டை காய்ந்து கல்லாகிக்கொண்டிருக்கிறது. நோபுகோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதிர்ச்சியில் பேச்சு நின்றுவிட்டதோ என்னவோ.

அண்ணா, நீங்கள் மனசு வைத்தால் ஆகும். தரைக்கு அடியில் பிறந்தது வீட்டில் பிறந்ததாகாது, தெருநாய் குடும்பத்தில் சேர்த்தியில்லை, ஆகவே தீட்டே கிடையாது என்று இரண்டு வரி எழுதி, முத்திரை வைத்து, இந்த மடலைக் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்புங்கள். உங்கள் காலாக நினைத்துத் தரையைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கமோ தெய்வம் உங்களுக்குப் பதவி உயர்வும் அண்ணிக்கு முதுகுவலியில்லாத உறக்கமும் அருளட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

நிலைகுலைந்த தம்பி,
சுகேனாகா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்! ஆளைக் கூப்பிட்டு மடலை நீட்டும்போது நோபுகோ திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, நாய் இன்னைக்குக் குட்டி போடல. முந்தாநாளே போட்டுடுச்சு. நான் பாத்தேன்." "ஏண்டி சொல்லல?" "சொன்னா நீங்க பலகை மாட்டுவீங்க. மாட்டினா இவர் முதல் ராத்திரியே வந்திருப்பாரா?" முற்றத்தில் நின்றவர் இதைக் கேட்டார். இரண்டு ராத்திரி இதே தீட்டில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார் மனுஷர்! கத்தப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், செருப்பைக் கழற்றி என் கையில் கொடுக்கிறார். "இனிமே நின்னு என்ன ஆகப்போகுது மாமா? குதிரைன்னாலே எனக்குப் பயம்" என்று உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லுருண்டையைக் கடக் கடக்கென்று கடித்துத் தின்றார். அவள் சிரிக்கிறாள் அண்ணா!

ஆனால் விஷயம் அறிந்து சம்பந்தி மாட்டுவண்டியோடு வாசலில் வந்து நின்று, "என் புள்ளையை வெளியே அனுப்பு" என்று கூச்சல் போடுகிறார். ஆகவே, தெருநாயானாலும் தீட்டு தீட்டுதான், முந்தாநாள் முதல் இங்கே உட்கார்ந்தவர் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்று கடுமையாக எழுதியனுப்புங்கள். நேற்றுப் பகல் நீங்கள் இங்கே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆற்றுமீனை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நேராக இலாகாவுக்குப் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதுவரைக்கும்.